இலங்கையைத் தனியாகச் சுற்ற ஒரு முழுமையான வழிகாட்டி: முதலில் மழை எந்தப் பக்கம் என்று பாருங்கள்

முதல் முறை இலங்கைக்குக் கிளம்பியபோது என் கையில் அழகான ஒரு திட்டம் இருந்தது. ஒன்பது நாள், எட்டு ஊர். கொழும்பில் தொடங்கி, செக்கு மாடு மாதிரி தீவை ஒரு சுற்றுச் சுற்றி மறுபடியும் கொழும்பு. வரைபடத்தில் பார்த்தால் தமிழ்நாட்டில் பாதிதான் இருக்கிறது, சுற்றிவர என்ன பெரிய நேரம் ஆகிவிடும் என்ற எண்ணம். மாதம் டிசம்பர். திருகோணமலையில் பஸ்ஸைவிட்டு இறங்கும்போது பிடித்த மழை மூன்று நாள் விடவில்லை. அறைக்குள் உட்கார்ந்து கூரையில் விழும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தேன். அதே மூன்று நாளும் தென்மேற்குக் கரையில் உள்ள காலி என்ற ஊரில் நல்ல வெயில் என்று பிறகு தெரியவந்தது.

அதற்கப்புறம் இன்னும் மூன்று முறை போய்வந்துவிட்டேன், எல்லாமே தனியாக. மதுரையிலிருந்து பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பும் ஒரு பெண்ணின் அனுபவம் இது. பெரும்பாலானவை ஆண்களுக்கும் பொருந்தும்.

படி 1: மாதத்தைப் பார்த்துத் தீவின் பாதியைத் தேர்ந்தெடுங்கள்

இலங்கைக்கு இரண்டு பருவமழை. மே முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று. கொழும்பு, காலி, மலைநாட்டின் மேற்குச் சரிவு எல்லாம் நனையும். அந்த மாதங்களில் மலைக்கு அந்தப் பக்கம் திருகோணமலை, மட்டக்களப்பு, அறுகம்பை எல்லாம் காய்ந்து கிடக்கும், கடலும் அமைதியாக இருக்கும். டிசம்பர் முதல் பிப்ரவரி வரை வடகிழக்குப் பருவக்காற்றில் இது அப்படியே தலைகீழ். நடுவில் உள்ள மலைத்தொடர்தான் இந்தப் பங்கு பிரிப்பைச் செய்கிறது. அக்டோபர், நவம்பரில் இந்தக் கணக்கும் கிடையாது. எங்கு வேண்டுமானாலும் இடியோடு கொட்டும், வங்கக்கடலில் புயலும் கிளம்பும். 2025 நவம்பர் கடைசியில் வந்த டிட்வா புயலில் மலைநாட்டில் மண்சரிவு கடுமையாக இருந்தது, ரயில் பாதையும் பல இடங்களில் சேதமானது. அந்த இரண்டு மாதங்களைத் தவிர்த்துவிடுங்கள் என்பதுதான் என் யோசனை.

ஆகவே டிசம்பர் முதல் மார்ச் வரை போகிறவர்களுக்குத் தென்மேற்குக் கடற்கரையும் மலைநாடும். மே முதல் செப்டம்பர் வரை போகிறவர்களுக்குக் கிழக்கும் வடக்கும். என்னைக் கேட்டால் பிப்ரவரி கடைசியிலிருந்து மார்ச் முடியும் வரைதான் ஆகச் சிறந்த காலம். யாழ்ப்பாணத்தில் மழை ஓய்ந்திருக்கும், மலையில் வானம் தெளிவாக இருக்கும், தெற்கே கடலில் இறங்கலாம்.

நாட்காட்டியில் இன்னும் மூன்றைப் பாருங்கள். ஏப்ரல் 13, 14 சித்திரைப் புத்தாண்டு, சிங்களவருக்கும் அதுதான் புத்தாண்டு. அதற்கு முந்தைய நாட்களில் கொழும்பே ஊருக்குக் கிளம்பும். நம் ஊர் தீபாவளிக் கூட்டத்தை நினைத்துக்கொள்ளுங்கள். புத்தாண்டன்று கடைகள் பாதிக்குமேல் மூடியிருக்கும். அடுத்தது கண்டிப் பெரஹரா, யானை ஊர்வலத் திருவிழா. ஜூலை அல்லது ஆகஸ்டில் வரும் அந்தப் பத்து நாளில் கண்டியில் அறை கிடைப்பது குதிரைக்கொம்பு. மூன்றாவது போயா. ஒவ்வொரு பௌர்ணமியும் அரசு விடுமுறை. அன்று மது விற்பனை கிடையாது, இறைச்சிக் கடைகளும் மூடியிருக்கும், கோயில் இருக்கும் ஊர்களுக்குப் போகும் பஸ்களில் நிற்க இடம் இருக்காது.

படி 2: ஊர்களைக் குறைத்து, இரவுகளைக் கூட்டுங்கள்

கொழும்பிலிருந்து கண்டிக்கு 115 கிலோமீட்டர். மதுரையிலிருந்து திருச்சி போகிற தூரம்கூட இல்லையே என்று தோன்றும். பஸ்ஸில் மூன்று மணி நேரத்துக்குக் குறையாது, மாலை நெரிசலில் நாலு. கண்டியிலிருந்து தம்புள்ளை 72 கிலோமீட்டர், இரண்டரை மணி நேரம். இரண்டு வழிப் பாதை, வளைவு, ஊருக்கு ஊர் நிறுத்தம். தனியாகப் போகிறவருக்கு இன்னொரு சுமையும் உண்டு. பையைப் பார்த்துக்கொள்வது, வழி கேட்பது, அறை தேடுவது எல்லாம் ஒரே ஆள். ஒவ்வொரு இடமாற்றமும் அரை நாளைத் தின்றுவிடும்.

அதனால் ஓர் ஊருக்கு இரண்டு இரவாவது வையுங்கள். பத்து நாளுக்கு நாலு ஊர் போதும்.

குளிர்காலப் பயணம் என்றால் நான் போடுவது இப்படி: நீர்கொழும்பில் ஓர் இரவு, கண்டியில் இரண்டு, அங்கிருந்து ரயிலில் அப்புத்தளை மூன்று, பிறகு பஸ்ஸில் இறங்கி மாத்தறை வழியாகக் காலியில் மூன்று, கடற்கரை ரயிலில் கொழும்பு. எல்லோரும் எல்ல என்ற ஊருக்குத்தான் போகச் சொல்வார்கள். ஒன்பது வளைவுப் பாலம் அங்கேதான் இருக்கிறது, பார்க்க வேண்டியதுதான். 1921இல் இரும்பு இல்லாமல் செங்கல்லும் கருங்கல்லும் வைத்துக் கட்டியது, ரயில் வரும் நேரத்தில் போனால் இன்னும் அழகு. ஆனால் எல்லவின் கடைத்தெரு முழுக்க வெளிநாட்டுப் பயணிகளுக்காகவே என்று ஆகிவிட்டது. அப்புத்தளையில் தங்கி ஒரு பகலில் எல்ல போய்வரலாம். அப்புத்தளையிலிருந்து காலை பஸ்ஸில் தம்பத்தென்னைக்குப் போய், தேயிலைத் தோட்டங்களுக்கு நடுவே லிப்டன் சீட் என்ற மலைமுகடு வரை நடந்தீர்கள் என்றால் மேகம் ஏறுவதற்குள் தெற்குச் சமவெளி முழுவதையும் பார்த்துவிடலாம். தோட்டத்துக்குள் எதிரே வருகிறவர்கள் எல்லாம் தமிழில்தான் விசாரிப்பார்கள்.

கோடைப் பயணம் என்றால் தம்புள்ளையில் இரண்டு இரவு. அங்கிருந்து சிகிரியா ஒரு நாள், பொலனறுவை ஒரு நாள். திருகோணமலை மூன்று, யாழ்ப்பாணம் நாலு. யாழ்ப்பாணத்துக்கு நாலு இரவு அதிகம் என்பார்கள். நயினாதீவுக்கு ஒரு பகல், நெடுந்தீவுக்கு ஒரு பகல், நல்லூருக்கும் ஊருக்குள் சைக்கிளில் திரிவதற்கும் ஒரு பகல், பருத்தித்துறைப் பக்கம் ஒரு பகல். கணக்கு சரியாக வரும்.

படி 3: விசா, பயணச்சீட்டு

விசாவை முன்கூட்டியே ஆன்லைனில் எடுக்கலாம். விதிகளும் கட்டணமும் அண்மை ஆண்டுகளில் பலமுறை மாறியிருக்கின்றன, ஆகவே கிளம்பும் மாதத்தில் குடிவரவு குடியகல்வுத் திணைக்களத்தின் சொந்தத் தளத்தில் மட்டும் பாருங்கள். முகவரி 'ஜிஓவி டாட் எல்கே' என்று முடியவேண்டும். தேடினால் அரசுத் தளம்போலவே உடை போட்டுக்கொண்ட தரகர் தளங்கள் முதலில் வந்து நிற்கும், இரண்டு மடங்கு பிடுங்குவார்கள்.

சென்னை, திருச்சி, மதுரையிலிருந்து கொழும்புக்கு விமானம் உண்டு. சென்னையிலிருந்து யாழ்ப்பாணம் பலாலிக்கும் உண்டு. 2023 அக்டோபரில் நாகப்பட்டினம் – காங்கேசன்துறை கப்பல் தொடங்கியது. இடையில் நின்று 2024 ஆகஸ்டில் மறுபடி ஓடத் தொடங்கியது. சுமார் நாலு மணி நேரம். கடல் கொந்தளிக்கும் மாதங்களில் நிறுத்திவிடுவார்கள் என்பதால், திரும்பும் விமானத்தை அதை நம்பிப் பதிவு செய்யாதீர்கள். போகும்போது கப்பல், வரும்போது கொழும்பிலிருந்து விமானம் என்று வைத்துக்கொண்டால் ஒரே பாதையை இரண்டு முறை அளக்க வேண்டியதில்லை.

கடவுச்சீட்டின் நகலை வீட்டில் ஒருவரிடம் கொடுத்துவையுங்கள். எந்த ஊரில் எத்தனை இரவு என்ற தாளையும் சேர்த்துத்தான். என் அம்மா அதைக் குளிர்சாதனப் பெட்டிக் கதவில் ஒட்டிவைத்துவிட்டு, தினமும் ஒரு வரியைப் பேனாவால் அடிப்பார்.

படி 4: முதல் இரவு

விமான நிலையம் கட்டுநாயக்கவில் இருக்கிறது, கொழும்பிலிருந்து முப்பது கிலோமீட்டருக்கு மேல். இரவில் இறங்கினால் நேரே கொழும்புக்கு ஓடாதீர்கள். நீர்கொழும்பு பக்கத்திலேயே, அரை மணிக்குள் போய்விடலாம். முதல் இரவு அறையை மட்டும் கட்டாயம் ஊரிலிருந்தே பதிவு செய்துகொள்ளுங்கள்.

வெளியே வருவதற்குமுன் இரண்டு வேலை. காசு மாற்றுங்கள்: நம் ஒரு ரூபாய்க்கு அண்மைக் காலத்தில் இலங்கை ரூபாய் மூன்றுக்கும் மேல் கிடைக்கிறது. அமெரிக்க டாலராகக் கொண்டுபோனால் எந்த வங்கியிலும் சிக்கல் இல்லை. ஐயாயிரம் ரூபாய்த் தாளாகவே கொடுப்பார்கள்; கெஞ்சியாவது நூறும் ஐந்நூறுமாகக் கொஞ்சம் வாங்குங்கள். காலையில் முதல் பஸ்ஸில் ஐயாயிரம் ரூபாயை நீட்டினால் நடத்துனர் பார்க்கும் பார்வையைச் சொல்லி முடியாது. 2024 பிப்ரவரியிலிருந்து நம் யுபிஐ அங்கே சில கடைகளில் செல்லுகிறது என்றாலும், பெட்டிக்கடைக்கும் ஓட்டோவுக்கும் காசுதான். அடுத்தது சிம். டயலொக், மொபிடெல் இரண்டுமே அங்கேயே கிடைக்கும், கடவுச்சீட்டு காட்டவேண்டும். சிம் போட்டதும் வாடகை வண்டி அழைக்கும் பிக்மீ செயலியை இறக்கிக்கொள்ளுங்கள். ஆட்டோவை அங்கே ஓட்டோ அல்லது திறீவீல் என்பார்கள். ஊர்களில் பேரம் பேசுவதைவிடச் செயலியில் வரும் கட்டணத்தைக் காட்டிப் பேசுவது எளிது.

படி 5: ரயில்

கண்டியிலிருந்து பதுளை வரை போகும் மலைப் பாதைக்காகவே பலர் இலங்கைக்கு வருகிறார்கள். கண்டியில் ஏறினால் எல்ல வரை ஆறேழு மணி நேரம். நுவரெலியாவுக்கு நானுஓயாவில் இறங்கவேண்டும். பட்டிப்பொல நிலையம் கிட்டத்தட்ட 1,900 மீட்டர் உயரம், நாட்டிலேயே உயரமான ரயில் நிலையம் அதுதான். டிட்வா புயலுக்குப் பிறகு எந்தப் பகுதி வரை ரயில் ஓடுகிறது என்பதைப் பதிவு செய்யுமுன் உறுதிசெய்துகொள்ளுங்கள். ஓடாத பகுதிக்குப் பஸ் உண்டு.

நான் முதல் முறை செய்த தப்பைச் சொல்லிவிடுகிறேன். நம் ஊர்ப் பழக்கத்தில் முதல் வகுப்பு ஏசி எடுத்தேன். சன்னல் திறக்காது. கண்ணாடிக்கு வெளியே அவ்வளவு பச்சையும் சினிமா மாதிரி ஓடிக்கொண்டிருக்க, உள்ளே நான் குளிரில் துப்பட்டாவைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அடுத்த முறையிலிருந்து இரண்டாம் வகுப்போ மூன்றாம் வகுப்போதான். சன்னல் முழுக்கத் திறக்கும், காற்று வரும், சுரங்கத்துக்குள் நுழையும்போது பெட்டியில் உள்ள பிள்ளைகள் எல்லாம் சேர்ந்து கூச்சல் போடுவார்கள்.

முன்பதிவு இருக்கைகள் திறந்த கொஞ்ச நேரத்திலேயே தீர்ந்துவிடும். பிறகு அதே சீட்டு பல மடங்கு விலைக்கு வெளியே சுற்றும், வாங்காதீர்கள். முன்பதிவில்லாத சீட்டு அன்றன்றைக்குக் கவுன்டரில் கிடைக்கும், அது தீர்ந்துபோவதே கிடையாது, உட்கார இடம் கிடைப்பதுதான் பிரச்சினை. இதற்கு ஒரு வழி இருக்கிறது. வார நாளில், போயா அல்லாத நாளில் போங்கள். அல்லது கண்டியிலிருந்து ஹட்டன் வரை பஸ்ஸில் போய் அங்கே ஏறுங்கள். பாதிப்பேர் நானுஓயாவில் இறங்கிவிடுவார்கள், அங்கிருந்து அப்புத்தளை வரைதான் பாதையின் அழகான பகுதியும்.

வடை விற்பவர் கூடையோடு வருவார். உளுந்து வடையும், மேலே முழு இறால் பதித்த இறால் வடையும். பள்ளிக்கூடப் பரீட்சைத் தாளில் சுற்றிக்கொடுப்பார். எனக்கு ஒருமுறை கிடைத்த தாளில் கணக்குக்கு நாற்பத்திரண்டு மதிப்பெண்.

படியில் தொங்கிப் படம் எடுப்பதை மட்டும் செய்யாதீர்கள். சுரங்கச் சுவரும் பாறையும் கைக்கெட்டும் தூரத்தில் வரும், விழுந்து செத்தவர்கள் இருக்கிறார்கள். தனியாகப் போகிறவருக்குப் படம் எடுக்க ஆள் இல்லை என்று யாரிடமாவது போனைக் கொடுத்துவிட்டு வெளியே தலையை நீட்டுவது இன்னும் மோசம்.

தெற்கே போகும் கடற்கரை ரயிலில் வலது பக்கம் உட்காருங்கள், காலி வரை கடல் கூடவே வரும். ஹிக்கடுவைக்குக் கொஞ்சம் முன்னால் பெரேலிய என்ற இடம் வரும். 2004 டிசம்பர் 26 அன்று சுனாமி ஒரு ரயிலையே இந்த இடத்தில் புரட்டியது. ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் போய்விட்டார்கள். நினைவிடம் பாதைக்குப் பக்கத்திலேயே இருக்கிறது.

வடக்குப் பாதை பார்வைக்குச் சாதாரணம், வறண்ட காடும் குளங்களும். ஆனால் போரினால் 1990இல் அறுந்த அந்தத் தண்டவாளம் 2014 அக்டோபரில்தான் மறுபடி யாழ்ப்பாணத்தைத் தொட்டது என்று தெரிந்துகொண்டு யாழ்தேவி ரயிலில் உட்கார்ந்தால் அது சாதாரணப் பயணமாக இருக்காது.

படி 6: பஸ்

சிவப்பு நிறம் அரசு பஸ், இ.போ.ச. என்பார்கள், இலங்கைப் போக்குவரத்துச் சபை. மற்ற நிறங்கள் தனியார். தனியார் பஸ் வேகம், பாட்டு, வண்ண விளக்கு, ஓட்டுநர் தலைக்குமேல் புத்தரும் பிள்ளையாரும் பக்கத்தில் பக்கத்தில். அரசு பஸ்ஸில் கொஞ்சம் நிதானம். கட்டணம் இரண்டிலும் மிகக் குறைவு. முன்னால் உள்ள இருக்கை பிக்குகளுக்கானது. காலியாக இருந்தால் உட்காரலாம், காவி உடை ஏறியதும் எழுந்துவிடவேண்டும்.

கொழும்பில் பஸ் நிலையம் புறக்கோட்டையில், கோட்டை ரயில் நிலையத்திலிருந்து நடக்கிற தூரம். காலிக்கு அதிவேக நெடுஞ்சாலை பஸ் வேண்டுமென்றால் மாகும்புரவுக்குப் போகவேண்டும். ஊர்ப் பெயர் பலகை மூன்று மொழியிலும் இருக்கும், தமிழ் படிக்கத் தெரிந்தவருக்கு இது எவ்வளவு பெரிய வசதி என்பது மற்ற நாட்டுப் பயணிகள் தவிப்பதைப் பார்க்கும்போது புரியும். எழுத்துப்பிழைகளைச் சேகரித்துக்கொண்டும் போகலாம், குறையே இருக்காது.

தனியாகப் போகிற பெண்களுக்கு: கூட்ட பஸ்ஸில் உரசுகிறவர்கள் அங்கும் உண்டு. பெண்ணோ குடும்பமோ இருக்கும் இருக்கையைப் பார்த்து உட்காருங்கள், பையை மடியில் வையுங்கள், தொல்லை கொடுத்தால் தமிழிலேயே சத்தம் போடுங்கள். மொழி புரியாவிட்டாலும் தொனி புரியும். இறங்க வேண்டுமானால் 'பஹினவா' என்று சொன்னால் போதும், இறங்குகிறேன் என்று பொருள்.

பெரிய பை கொண்டுபோகாதீர்கள். மேலே வைக்கும் தட்டில் அது நுழையாது, ஓட்டுநருக்குப் பக்கத்தில் போட்டால் ஊர் முழுக்க அதை மிதித்துக்கொண்டுதான் ஏறும். ஏழு கிலோவுக்குள் முடித்தால் கழிப்பறைக்கும் அதைத் தூக்கிக்கொண்டு போய்விடலாம். தனியாகப் போகிறவர் பை வாங்கும்போது இந்தக் கழிப்பறைக் கணக்கைப் போட்டுப் பார்க்கவேண்டும்.

படி 7: அறையும் சாப்பாடும்

ஓட்டல்களைவிட வீட்டோடு சேர்ந்த தங்குமிடங்கள் நல்லவை. அறை வாடகை ஒருவருக்கும் இருவருக்கும் ஏறக்குறைய ஒன்றுதான் என்பதால் தனி ஆளுக்குக் கொஞ்சம் எரிச்சலாகத்தான் இருக்கும். பதிலுக்கு, வீட்டுக்கார அம்மா மறுநாள் பஸ் எத்தனை மணிக்கு, எந்த மூலையில் நிற்கும் என்பதைச் சொல்லிவிடுவார். இணையத்தில் கிடைக்காத தகவல் இது. இரவு வெளியே போனால் எத்தனை மணிக்குத் திரும்புவேன் என்று அவரிடம் சொல்லிவிட்டுப் போங்கள்.

மதியம் சோறும் கறியும். ஒரு மீனோ கோழியோ, கூட நாலைந்து மரக்கறி, அப்பளம். தனியாக உட்கார்ந்து சாப்பிட ஏற்ற சாப்பாடு, மறுசோறும் போடுவார்கள். பார்சலாக வாங்கினால் ஓர் ஆளுக்கு எக்கச்சக்கம். இரவில் கொத்து ரொட்டி. பிரெட்டைப் பாண் என்றும், தேநீரைத் தேத்தண்ணி என்றும், பாலில்லாததைப் பிளேன் டீ என்றும் கேளுங்கள். தெற்கே எருமைத் தயிரில் கித்துள் பாணி என்ற பனைப் பாகை ஊற்றித் தருவார்கள். அதை முதல் நாளே கண்டுபிடித்திருந்தால் நான் வேறெதுவும் சாப்பிட்டிருக்க மாட்டேன்.

சைவம் சாப்பிடுகிறவர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று. தேங்காய்ச் சம்பலிலும் சில மரக்கறிகளிலும்கூட மாசிக் கருவாட்டுத் தூள் போடுவது சிங்களச் சமையலில் வழக்கம், கண்ணுக்குத் தெரியாது. 'உம்பலகட எபா' என்றால் மாசி வேண்டாம். யாழ்ப்பாணத்திலும் கொழும்பு வெள்ளவத்தையிலும் சைவக் கடை என்று பலகை போட்ட கடைகள் இருக்கின்றன, இடியப்பமும் சொதியும் அங்கே கவலையில்லாமல் சாப்பிடலாம். அசைவம் உண்டு என்றால் யாழ்ப்பாணத்தில் பனங்கிழங்கு மாவில் மீனும் இறாலும் போட்டுக் காய்ச்சும் ஒடியற்கூழை விடாதீர்கள்.

படி 8: நம் தமிழும் அவர்கள் தமிழும்

வடக்கிலும் கிழக்கிலும் மலையகத்திலும் தமிழ் போதும். சிங்களர் ஊர்களில் மாட்டிக்கொண்டால் முஸ்லிம் கடை எது என்று பாருங்கள். காலியிலும் கண்டியிலும் எனக்கு வழி சொன்னவர்களில் பாதிப்பேர் அவர்கள்தான், வீட்டில் தமிழ் பேசுகிறவர்கள். சிங்களத்தில் நாலு சொல் கற்றுக்கொள்ளுங்கள்: 'கீயத' என்றால் எவ்வளவு, 'கொஹெத' எங்கே, 'எபா' வேண்டாம், 'ஸ்துதி' நன்றி. தப்பாகச் சொன்னாலும் முகம் மலரும்.

யாழ்ப்பாணத்தில் "தனியவோ வந்தனீங்கள்?" என்பார்கள். ஹட்டனில் "ஒத்தையிலயா வந்தீங்க?" என்பார்கள். இரண்டாவது கேள்வி நம் ஊர்ச் சந்தில் கேட்பதுபோல இருப்பதற்குக் காரணம் உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டில் வெள்ளைக்காரர் காப்பித் தோட்டத்துக்கும் பிறகு தேயிலைக்கும் தமிழ்நாட்டிலிருந்து கொண்டுபோன மக்களின் வாரிசுகள் அவர்கள். 1948இல் வந்த குடியுரிமைச் சட்டம் அவர்களை நாடற்றவர்களாக்கியது. 1964 சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் ஒரு பகுதியினரை இந்தியாவுக்கு அனுப்பி, குடும்பங்களை இரண்டாகப் பிரித்தது. "எங்க சித்தப்பா கூடலூர்ல இருக்காரு" என்று தோட்டத்தில் யாராவது சொன்னால் அது வெறும் பேச்சு வளர்ப்பதற்காகச் சொன்னதாக இருக்காது. தோட்டத் தொழிலாளர்கள் வாழும் வரிசை வீடுகளை, லயன் என்பார்கள், கேட்காமல் படம் எடுக்காதீர்கள்.

வடக்கில் போரைப் பற்றி நீங்களாகக் கேட்க வேண்டாம். 2009இல் முடிந்தது, ஆனால் காணாமற்போனவர்களுக்காக இன்னும் காத்திருக்கும் வீடுகள் உண்டு. அவர்களாகச் சொன்னால் கேளுங்கள், நம் ஊர் அரசியல் கருத்தை நடுவில் சொருகாதீர்கள். 1981இல் எரிக்கப்பட்டுத் திரும்பக் கட்டிய யாழ் நூலகத்துக்குப் போங்கள். ராணுவ முகாம்களைப் படம் எடுப்பது கூடாது, அனுமதியில்லாமல் ட்ரோன் விடுவதும் கூடாது.

படி 9: கோயில், கோட்டை, மலை

புத்த கோயில்களில் தோளும் முழங்காலும் மூடியிருக்கவேண்டும், செருப்பும் தொப்பியும் வெளியே. மத்தியான வெயிலில் கல் தரை சுடும், காலுறை போட்டுக்கொண்டு நடக்கலாம். புத்தர் சிலைக்கு முதுகைக் காட்டி நின்று படம் எடுப்பது பெரிய அவமதிப்பு. தனியாக வந்து செல்ஃபி எடுக்கிறவர்கள்தான் இதில் மாட்டுகிறார்கள். நல்லூர்க் கந்தசாமி கோயிலில் ஆண்கள் சட்டையைக் கழற்றவேண்டும்.

சிகிரியாவில் நுழைவுக் கட்டணம் டாலரில், கனமானது. சார்க் நாட்டவருக்குக் குறைவு, ஆனால் கடவுச்சீட்டைக் கையில் காட்டினால்தான். திறந்ததும் ஏறிவிடுங்கள், பத்து மணிக்குமேல் இரும்புப் படிகளில் வரிசை நகராது. பாறையில் பெரிய குளவிக் கூடுகள் உண்டு, எச்சரிக்கைப் பலகை இருக்கும் இடத்தில் சத்தம் போடாதீர்கள். செலவு கட்டுப்படியாகாவிட்டால் எதிரே உள்ள பிதுரங்கல பாறையில் ஏறுங்கள். சிகிரியா முழுதாகத் தெரிவது அங்கிருந்துதான். இருட்டியபிறகு அந்தப் பக்கம் நடந்தோ சைக்கிளிலோ போகாதீர்கள், யானை நடமாடும் சாலை.

பொலனறுவையில் சைக்கிள் வாடகைக்கு எடுத்து ஒரு முழு நாள் செலவிடுங்கள். சோழர்கள் ஜனநாதமங்கலம் என்று பெயர் வைத்து ஆண்ட ஊர் இது. கூட்டமெல்லாம் பாறையில் செதுக்கிய புத்தர் சிலைகள் உள்ள கல்விகாரைக்குப் போகும். இரண்டாம் சிவாலயம் என்று பலகை வைத்திருக்கும் சின்னக் கற்கோயிலுக்கு யாரும் வரமாட்டார்கள். ராஜேந்திர சோழனின் தாயார் பெயரில் அமைந்த வானவன்மாதேவி ஈச்சரம் அது. தஞ்சைப் பக்கத்துக் கிராமக் கோயில் ஒன்றை அப்படியே பெயர்த்துக் காட்டுக்குள் வைத்ததுபோல இருக்கும்.

சிவனொளிபாதமலை தனியாகப் போகிறவருக்கு மிகப் பொருத்தமான ஏற்றம் என்பேன். 2,243 மீட்டர். டிசம்பர் போயாவிலிருந்து மே மாதப் போயாவான வெசாக் வரை பருவம். ஹட்டனிலிருந்து மஸ்கெலியா வழியாக நல்லதண்ணிக்குப் பஸ். இரவு இரண்டு மணி வாக்கில் ஏறத் தொடங்கினால் ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட படிகளைத் தாண்டி விடியும்போது உச்சியில் இருக்கலாம். வழி நெடுக விளக்கு, தேத்தண்ணிக் கடை, கைக்குழந்தையோடு வருகிறவர்கள், பேத்தியின் தோளைப் பிடித்துக்கொண்டு ஏறும் எழுபது வயது ஆச்சிகள். அங்கே யாரும் தனியாள் இல்லை. பருவம் இல்லாத மாதங்களில் விளக்கும் இருக்காது, ஆளும் இருக்காது; அப்போது தனியாக ஏறாதீர்கள். இறங்கும்போது முட்டி நடுங்கும், மறுநாளைக்கு வேறு வேலை வைத்துக்கொள்ள வேண்டாம்.

படி 10: ஆபத்துகள்

போலீசுக்கு 119, ஆம்புலன்சுக்கு 1990, சுற்றுலாப் பயணிகளுக்கு 1912. ஆம்புலன்ஸ் இலவசம், இந்திய உதவியில் தொடங்கிய சேவை அது.

உண்மையில் பயப்பட வேண்டியது கடலுக்குத்தான். மே முதல் செப்டம்பர் வரை தென்மேற்குக் கரையில் நீரோட்டம் இழுக்கும். சிவப்புக் கொடி இருந்தால் கால்கூட நனைக்காதீர்கள், உள்ளூர்க்காரர் குளிக்காத இடத்தில் நீங்களும் குளிக்காதீர்கள். தனியாக இருப்பவர் இழுத்துக்கொண்டு போனால் தேட ஆரம்பிக்கவே மாலையாகிவிடும். அப்புறம் டெங்குக் கொசு, மழைக்காட்டில் அட்டை, தெருநாய். நாய் கடித்தால் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு அன்றே அரசு மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.

யானை பார்க்க உடவளவைக்குப் போனால் ஜீப்புக்கு ஒரு ஆளாகக் கொடுப்பது வீண் செலவு. முதல் நாள் மாலையே தங்குமிடத்தில் சொல்லிவைத்தால் இன்னும் இரண்டு மூன்று பேரோடு சேர்த்துவிடுவார்கள்.

கொழும்பில் கோட்டைப் பக்கம், கடற்கரைப் பக்கம் "இன்றைக்குத்தான் யானைத் திருவிழா, நான் கூட்டிப்போகிறேன்" என்று நல்ல சட்டை போட்டவர் யாராவது வந்தால் நடந்துகொண்டே இருங்கள். ஓட்டோவில் ஏற்றி ஒரு நகைக்கடையில் இறக்குவார்.

திரும்பும் நாள்

கடைசி இரவை மறுபடியும் நீர்கொழும்பில் வையுங்கள். கண்டியிலிருந்து நேர் பஸ் இருக்கிறது, கொழும்பு நெரிசலுக்குள் போகவே வேண்டாம். கொழும்பு வழியாகத்தான் என்றால் ஒரு மணி நேரம் ஒதுக்கித் தேசிய அருங்காட்சியகத்துக்குப் போங்கள். சீனக் கடற்படைத் தளபதி செங் ஹ 1409 ஆண்டு தேதியிட்டு நாட்டிய மும்மொழிக் கல்வெட்டு அங்கே இருக்கிறது, காலியில் கிடைத்தது. சீனம், பாரசீகம், தமிழ். தமிழ்ப் பகுதி தேய்ந்திருக்கும், பக்கவாட்டில் வெளிச்சம் விழும் கோணத்தில் நின்றால்தான் எழுத்துத் தெரியும்.

மிச்சமிருக்கும் இலங்கை ரூபாயை விமான நிலையத்திலேயே மாற்றிவிடுங்கள், மதுரையில் யாரும் வாங்க மாட்டார்கள். என் மேசை இழுப்பறையில் நாலாயிரத்து முந்நூறு ரூபாய் கிடக்கிறது. அடுத்த பிப்ரவரிக்கு ஆகும் என்று விட்டுவைத்திருக்கிறேன்.